கண்ணாடி வீட்டு வெயில்

பிப்ரவரி 14, வியாழன்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்திருந்தார். மொட்டை மாடியில் நின்று அவருக்கு வாளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கொடைக்கானலிலிருந்து போன். இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி என்று சொல்லிக்கொண்டார். இளம் குரல். மருத்துவக் கல்லூரியில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். விலங்கியல் துறையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. ஆனாலும் பிணத்தில் புழு என்றால் இந்த மதுரையில் என் பெயர்தான் முதலில் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

"ஒருத்தர் அவர் வீட்டுலயே இறந்து கிடந்தார் மேடம். நேத்துதான் கண்டுபிடிச்சோம். பாடி ரொம்பக் கெட்டுப்போச்சு. என்னைக்கு இறந்தார்னு டாக்டரால உறுதியா சொல்ல முடியல. புழு எடுத்து வச்சிருக்காரு. நீங்க பாத்துச் சொல்வீங்கன்னாங்க."

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். உடல் எங்கே கிடந்தது? வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில். கதவு சாத்தியிருந்ததா? சாத்தியிருந்தது, கூரையோரம் மட்டும் ஒரு திறப்பு. புழுக்களில் பாதியை வெந்நீரில் போட்டெடுத்து சாராயத்திலும், மீதியை உயிரோடும் வைத்தார்களா? வைத்திருக்கிறார்கள். நல்ல டாக்டர்.

கடைசியாகப் பெயர் கேட்டேன்.

"அ. இருதயராஜ். தோட்டக்கலைத் துறையில ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு."

சரி, அனுப்புங்கள் என்றேன்.

தொட்டி கழுவுகிறவர் மூலையில் பாசியை விட்டுவிட்டார். நானே உள்ளே இறங்கித் தேய்த்தேன். அவர் போய் வெகுநேரம் ஆகியும் நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன் என்கிறாள் மீனா.

பிப்ரவரி 15, வெள்ளி

காலையில் ஒரு கான்ஸ்டபிள் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உயிரோடிருக்கும் புழுக்களுக்கு ஆட்டீரல் வாங்கினேன். மாடி அறையில் மரத்தூள் பரப்பி, வலை கட்டி வைத்தாயிற்று.

மீனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என் தங்கை. மாப்பிள்ளை தவறிய பிறகு என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்காவை ஆச்சி என்பாள். "நமக்கு வாங்குனா அரைக்கிலோ போதும்பே. புழுவுக்கு முக்காக்கிலோவா ஆச்சி?"

"அதுங்களுக்கு வளர்ற வயசு."

"ரிட்டயர் ஆனா இந்த நாத்தம் ஒழியும்னு நெனச்சேன். எந்த ஊரு சாவு?"

"கொடைக்கானல்."

அவள் ஈரல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. பிறகு பிரித்தாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

வில்பட்டி போகும் வழியில் தனி வீடு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். மனைவி பெயர் பிலோமினா. திண்டுக்கல்லில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடிகாலைப் பேருந்தில் அந்த அம்மாள் கிளம்பிப் போயிருக்கிறார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருவருக்கும் பெரிய சண்டை. சாலையில் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு இருதயராஜைப் பார்த்தவர் யாரும் இல்லை. பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், நாற்றம் அடிப்பதாகப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். மண்டையின் பின்புறம் எலும்பு உடைந்திருக்கிறது. கீழே கல் மேடை. விழுந்ததாகவும் இருக்கலாம், அடித்ததாகவும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமையில இருந்து அந்தம்மா அவருக்குப் போன் மேல போன் போட்டிருக்கு மேடம். ஒன்னுகூட எடுக்கல. போன் வீட்டுக்குள்ள இருந்துச்சு. கொன்னுட்டுப் போயி செத்தவருக்கே போன் போட்டு நாடகம் ஆடியிருக்கான்னு அவரு தங்கச்சி கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைச்சு என்ன மேடம். வெள்ளி விடியறதுக்கு முன்னாடி இறந்திருந்தா அந்தம்மா உள்ள போகணும். பின்னாடின்னா வீட்டுக்குப் போகட்டும். எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அப்போதுதான் சொன்னேன். இறந்தவரை எனக்குத் தெரியும். எண்பத்தாறு முதல் மூன்று வருடம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்கள்.

"எவ்வளவு பழக்கம் மேடம்?"

"ஒரே அறையில புழு வளர்த்தோம்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரித்தது தப்போ என்பதுபோல என்னைப் பார்த்தார். அதையும் அறிக்கையில் எழுதிவிடச் சொன்னார். என் கணக்கை இன்னொரு நிபுணரும் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் மீனா வந்தாள்.

"அந்த ஆளா ஆச்சி?"

"ஆமா."

"அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு அப்பா மட்டும் கொடைக்கானலுக்கு வண்டி எடுத்துக்கிட்டுப் போகலேன்னா..."

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போனேன்.

பிப்ரவரி 18, திங்கள்

கல்லூரிக்குப் போய்ப் பழைய நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். சாராயத்தில் இருந்த புழு ஒவ்வொன்றின் பின்புறமும் இரண்டு மூச்சுத் துளைகள் தெரியும். அவற்றைச் சுற்றியிருக்கும் வளையத்தின் அமைப்பைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடலாம். எல்லாம் நீல ஈ. மலைக்குளிரை விரும்பும் சாதி. சமவெளிக்கு இறங்காது.

அதை நான் பார்த்தே முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

பிணத்துக்கு முதலில் வந்து சேர்வது ஈதான். வந்த அன்றே முட்டையிடும். முட்டை புழுவாகும், புழு தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாகும். அது எத்தனை வேகத்தில் வளரும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. வெயிலில் ஓடும், குளிரில் நொண்டும். ஆகையால் புழு எவ்வளவு பெரியது, இடம் எவ்வளவு சூடு என்ற இரண்டும் தெரிந்தால் ஈ வந்த நாளை எண்ணிப் பார்த்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். ஆனால் கொடைக்கானல் குளிரில் நீல ஈ எப்படி வளர்கிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் பேராசிரியர் எங்களை மலைக்கு அனுப்பினார்.

சரிவில் கம்பிக் கூண்டு போட்டு ஆட்டுத் தலையை வைப்போம். மழை வந்தால் இருதயராஜ் குடையைக் கூண்டுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைவார். கேட்டால், "நமக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரை இருக்கு. அதுக்கு?" என்பார். சந்தையில் எங்களுக்கு ஈக்காரங்க என்று பெயர். கறிக்கடைக்காரர் தூரத்தில் பார்த்ததுமே, "ஈக்காரங்க வர்றாங்க, அழுகினதை எடுத்து வை" என்பார். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகும்போது நாங்கள் இருவரும் ராஜா ராணி மாதிரி நடுச்சாலையில் நடப்போம்.

ராஜா ராணி என்று எழுதியிருக்க வேண்டாம். அடிக்காமல் விடுகிறேன்.

பிப்ரவரி 20, புதன்

வானிலை நிலையத்தின் எண்களை இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார். அந்த வாரம் முழுக்கப் பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர். சராசரி பதினான்கு டிகிரி. அந்தக் குளிரில் புழு இந்த அளவுக்கு வளர வேண்டுமானால் ஈ வியாழக்கிழமை மாலையே வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை. சண்டை நடந்த நாள்.

அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 21, வியாழன்

புழுக்கள் கூடு கட்டிவிட்டன. பழுப்பு நிறத்தில், தட்டப்பயறு மாதிரி மரத்தூளுக்குள் கிடக்கின்றன. இனி ஒரு வாரத்தில் ஈயாகும். மீனாவும் இன்று தட்டப்பயறுக் குழம்புதான் வைத்தாள். மளிகைக்காரனிடம் புளி சரியில்லை என்று சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது மீனா கேட்டாள். "கணக்கு வந்துருச்சுல்ல ஆச்சி. அனுப்பிற வேண்டியதுதானே."

"பாக்கணும்."

"இன்னும் என்ன பாக்கணும்? அந்தப் பொம்பளை செஞ்சதுக்கு அந்தப் பொம்பளை அனுபவிக்கட்டும்."

"அவ செஞ்சான்னு புழு சொல்லலை. என்னைக்குன்னுதான் சொல்லுது."

"அப்ப எதுக்கு இழுத்துப் பிடிக்கிற?"

இடத்தைப் பார்க்காமல் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றேன். அது உண்மை. உசிலம்பட்டிக் கிணற்றுக்குள்ளேகூட இறங்கியிருக்கிறேன்.

"இடத்தைப் பாக்கணும்னு புழுவுக்கா தோணுது, உனக்கா?"

கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டேன். பாச்சை உருண்டை வாசம் போக வேண்டும்.

பிப்ரவரி 22, வெள்ளி

வத்தலக்குண்டு தாண்டி மலையேறத் தொடங்கியதும் காது அடைத்தது. அந்தக் காலத்தில் இந்த இடத்தில் இருதயராஜ் எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுப்பார். இப்போது முன்சீட்டுக் குழந்தைக்கு அதன் அம்மா கொடுத்தாள். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே பிளாஸ்டிக் தொப்பி விற்கும் கடைகள். ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. யூகலிப்டஸ் வாசம் மட்டும் அதேதான்.

இன்ஸ்பெக்டர் பேருந்து நிலையத்துக்கே ஜீப் கொண்டுவந்திருந்தார். வீடு சின்னது. சிவப்புத் தகரக் கூரை, வாசல் நிறைய பெகோனியா. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாதி வாடியிருந்தது. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனோம்.

"இதான் மேடம் ஷெட்டு."

அது ஷெட் இல்லை. சுவர் இடுப்பு உயரம்தான். அதற்கு மேல் நான்கு பக்கமும், கூரையும், கண்ணாடி. கதவைத் திறந்து உள்ளே ஓர் அடி வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. வெளியே கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு வந்தவள் நான். உள்ளே வியர்த்தது.

கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே நின்றேன்.

"இதைப் போயி ஷெட்டுன்னு சொன்னீங்களே."

"இங்க எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க. ஏன், என்ன?"

"வெளிய பதினாறு டிகிரி இருக்கும். இங்க எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு சட்டென்று துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புத்திசாலிப் பெண். மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெப்பத்தை விடாமல் பதிவு செய்யும் சிறு கருவிகள் இரண்டு கொண்டுவந்திருந்தேன். ஒன்றை உடல் கிடந்த இடத்தில் வைத்தேன். மற்றதை வெளியே மர நிழலில். நாலைந்து நாளாவது பதிய வேண்டும். வெயில் அந்த வாரத்தைப் போலவே அடிக்கிறது என்பது அதிர்ஷ்டம்.

கல் மேடையில் நாற்றுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஐஸ் குச்சி செருகி, பென்சிலால் செடியின் பெயர். 'க'வுக்கு வால் நீளமாக இழுக்கும் அந்த எழுத்து மாறவே இல்லை. தரையில் பாசி. வழுக்கியது. இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கருவி பதியட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன். எங்கள் பழைய ஆய்வறை இருந்த கட்டடம் இப்போது தேனும் சாக்லேட்டும் விற்கிற கடை. உள்ளே போய்க் கால் கிலோ வாங்கினேன். ஜன்னல் அதே ஜன்னல். அதனடியில்தான் எங்கள் மேசை. ஒரே நாற்காலி, பல்கலைக்கழகம் இரண்டாவது நாற்காலியை அனுப்பவே இல்லை. ஒருவர் நுண்ணோக்கி பார்க்கும்போது இன்னொருவர் எதிரே ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுத வேண்டும். மூன்று வருடம் அப்படி எழுதினோம். பிறகு ஒருநாள் காலை அப்பா வண்டியோடு வந்தார். நான் ஊருக்குப் போனேன். பிரிந்தோம் என்று எழுதினால் சேர்ந்திருந்தோம் என்றாகிவிடும். அப்படி எதுவும் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

கடைக்காரப் பையன், "வேற ஏதாச்சும் வேணுமா மேடம்?" என்று கேட்டான். நான் ஜன்னலடியில் நெடுநேரம் நின்றிருக்கிறேன் போல.

பிப்ரவரி 25, திங்கள்

காவல் நிலையத்துக்குப் போனேன். வாசலில் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குட்டையான உருவம், வெளிர்நீலச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. மடியில் கம்பளி நூல் பந்து. குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் வரச் சொல்லி சாயங்காலம் அனுப்புகிறார்களாம். நான் படியேறும்போது தலை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

வழக்கு முடியும்வரை அவளோடு நான் பேசக் கூடாது. பேசவில்லை. ஆனால் பெஞ்சின் மறுமுனையில் சிறிது நேரம் உட்கார்ந்தேன்.

என்னைவிட நான்கைந்து வயது சின்னவளாக இருப்பாள். நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். எந்த மாதிரி என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 27, புதன்

கருவிகளை எடுத்து வந்து விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடி வீட்டுக்குள் நடுப்பகலில் முப்பத்தைந்து வரை போகிறது. இரவிலும் வெளியிலிருப்பதுபோல அவ்வளவு இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் புழு இந்த அளவுக்கு வளர, வெளிக்குளிரில் ஆகும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஈ வந்தது சனிக்கிழமை மாலை. எப்படி இழுத்தாலும் சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் போகவில்லை.

பிலோமினா அப்போது திண்டுக்கல்லில் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கூரையோரத் திறப்பு எப்போதும் திறந்தே இருக்கும் என்று தெரிகிறது. கீல் துருப்பிடித்து மூடவே முடியாது. ஆகவே வியாழனன்றே இறந்து ஈ மட்டும் தாமதமாக வந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை. அந்த நாற்றத்துக்கு நீல ஈ இரண்டு நாள் காத்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கொடைக்கானல் சரிவில் குடை பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறை சனிக்கிழமை வந்தபோதும் எனக்கு நிம்மதியாக இருந்ததா, இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதனால் பெயர், ஊர் எதுவும் இல்லாமல் புழுவின் அளவையும் வெப்பத்தையும் மட்டும் ஹைதராபாத்தில் இருக்கும் ஒரு நிபுணருக்கு அனுப்பினேன். அவருக்கு இருதயராஜும் தெரியாது, பிலோமினாவும் தெரியாது.

மீனா போன் செய்தாள். "ஆச்சி, உன் பிள்ளைங்க பொறந்துருச்சு. வலைக்குள்ள பறக்குது. ஒடம்பு நீலமா மின்னுது. எண்ணெய் பூசின மாதிரி."

"நீல ஈதானே?"

"நான் என்னத்தைக் கண்டேன். பாக்க அழகாத்தான் இருக்கு."

பிப்ரவரி 28, வியாழன்

ஹைதராபாத்திலிருந்து பதில். அவருக்கும் சனிக்கிழமைதான்.

கையெழுத்துப் போட்டேன். முதல் பத்தியிலேயே, இறந்தவர் எனக்கு அறிமுகமானவர் என்று எழுதினேன். அறிமுகமானவர். வேறு சொல் கிடைக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

இன்ஸ்பெக்டரிடமிருந்து போன். கண்ணாடி வீட்டுத் தரையைத் தடயவியல்காரர்கள் மறுபடி பார்த்திருக்கிறார்கள். பாசியில் செருப்பு வழுக்கிய கோடு முதல்நாள் எடுத்த படத்திலேயே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வழுக்கி விழுந்து மேடையில் மண்டை மோதியது என்று முடித்துவிட்டார்கள். இருதயராஜின் தங்கை புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாளாம்.

"அந்தம்மாகிட்ட சொன்னேன் மேடம். சந்தோஷப்படும்னு பாத்தா, அப்படியே பெஞ்சுல உக்காந்துருச்சு. அப்புறம் உங்க அட்ரஸ் கேட்டுச்சு. குடுக்கலாமா?"

குடுங்க என்றேன்.

மாடி அறையைக் கழுவிவிட்டோம். மீனா சாம்பிராணி போட்டாள்.

மார்ச் 24, ஞாயிறு

பிலோமினா வந்திருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில். கையில் ஒரு பை நிறைய பேரிக்காய்.

மீனா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, உள்ளே போய்விட்டாள். பிலோமினா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை வரைக்கும் உயிரோடதான் இருந்திருக்கார், இல்லையாக்கா?"

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும். அதுல சந்தேகம் இல்ல."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் போன் போட்டப்ப வீட்டுலதான் இருந்திருக்கார். சனிக்கிழமை காலையில போட்டப்பவும் இருந்திருக்கார். மணி அடிக்கிறது கேட்டிருக்கும். எடுக்கல."

டம்ளரைக் கைக்குள் சுழற்றிக்கொண்டே மேலே சொன்னாள்.

"நான் தப்பிச்சேன்னு எல்லாரும் மாதாவுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க. சொன்னேன். ஆனா அவரு வியாழக்கிழமையே போயிருந்தா, எடுக்க முடியாம எடுக்கலேன்னு இருந்திருப்பேன். என்னை ஜெயில்ல போட்டிருந்தாலும் மனசுக்குள்ள அது இருந்திருக்கும். இப்ப எடுக்கக் கூடாதுன்னே எடுக்கலேன்னு ஆயிருச்சு. கடைசியா என்கூடப் பேச மாட்டேன்னுட்டே போயிட்டாரு."

என் கணக்கு அவளுக்கு என்ன செய்யும் என்று நான் பலவிதமாக யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. சரியான நாள் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லலாமா, அது என் உரிமையா என்று தெரியவில்லை. சொன்னேன்.

"ஒருதடவை ரெண்டு தட்டுப் புழுவை நான் கலந்து வச்சிட்டேன். மாசக்கணக்கா பார்த்த வேலை போச்சு. அவர் ஒரு வார்த்தை திட்டலை. ஆனா அன்னையிலேர்ந்து பேச்சை நிறுத்திட்டார். எதிர்ல உக்காந்து நான் சொல்றதை எழுதுவார், வாய் திறக்க மாட்டார். எனக்கு அழுகையே வந்துரும். நாலு நாள். அஞ்சாவது நாள் காலையில வந்து, ஒன்னுமே நடக்காத மாதிரி, 'ஏரிக்கிட்ட சோளம் சுடுறாங்க, வர்றியா'ன்னு கேட்டார்."

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளா?"

"நாலு நாள். எப்ப கோபம் வந்தாலும் அதே நாலு நாள்."

"வீட்டுலயும் அதேதான். சண்டை போட்டா செடிகிட்டதான் பேச்சு. என் காதுபடவே செடிகிட்ட என்னைப் பத்திப் புகார் சொல்லுவாரு. அப்புறம் ஒருநாள் காலையில வந்து, மார்க்கெட்டுக்குப் போறேன், கேரட்டு வாங்கவான்னு கேப்பாரு. அவ்வளவுதான், முடிஞ்சுரும்." விரலை மடக்கி எண்ணினாள். வியாழன் சாயங்காலம், வெள்ளி, சனி, ஞாயிறு. "திங்கக்கிழமை பேசியிருப்பாரு."

"பேசியிருப்பார்."

"திங்கக்கிழமைதான் பேத்தி பொறந்தா."

"அப்ப நிச்சயம் பேசியிருப்பார்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பதுபோலத் திறந்தேன். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பிறகு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் பையிலிருந்து பேரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "ஸ்டேஷன்ல அன்னைக்கு, புழு பாக்க மதுரையிலேர்ந்து ஒரு மேடம் வந்திருக்காங்கன்னாங்க. நீங்க வந்து உக்காந்தப்பவே தெரியும், நீங்கதான் நாச்சின்னு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. நாச்சின்னு ஒருத்தி இருந்தா, என்னைவிட நல்லாப் புழு பாப்பான்னு. அதுக்கு மேல நான் கேட்டா செடி பக்கம் போயிருவாரு."

நாச்சி. நாச்சம்மை என்ற பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"எனக்கு அவரை முப்பது வயசுக்கு மேலதான்க்கா தெரியும். அதுக்கு முந்தி எப்படி இருந்தாரு? நீங்க சொன்னாத்தான் உண்டு. அவரு தங்கச்சிகிட்ட இனி கேக்க முடியாது, வேற யாரும் இல்ல இப்ப."

முப்பது வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் திணறினேன். ஒல்லியாக இருப்பார் என்றேன். கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். இடது கால் கட்டைவிரல் எப்போதும் வெளியே தெரியும். பாட வராது, பாடுவார். ஒருநாள் வலையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஈயைத் துரத்தியபடி சரிவில் ஓடி, நிற்க முடியாமல், யாருடைய முட்டைக்கோஸ் தோட்டத்திலோ போய் விழுந்தார். தோட்டக்காரர் கம்போடு வந்துவிட்டார். இவர் எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக்கொண்டு, "ஐயா, அசையாதீங்க, உங்க தோள்ல உக்காந்திருக்கு" என்றார். தோட்டக்காரர் பயந்துபோய்க் கம்பைத் தூக்கியபடியே சிலையாக நின்றார். நான் போய் அவர் தோளிலிருந்து ஈயைப் பிடித்தேன்.

பிலோமினா சிரித்தாள். பல்லுக்கு நடுவே சின்ன இடைவெளி. நானும் சிரித்தேன். அவள் ஒன்று சொன்னாள். சர்ச்சில் திருமணத்தன்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வண்டு ஏறி பாதிரியாரின் அங்கியில் போனதாம். பிறகு நான் ஒன்று சொன்னேன். ஐந்து மணிப் பேருந்து போய்விட்டது. ஆறு மணிப் பேருந்துக்கு மீனாவும் நானுமாகப் போய் ஏற்றிவிட்டு வந்தோம். ஏறும்போது, அடுத்த மாதம் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், வர வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கொடியில் கை வைத்தேன். இருதயராஜ் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்ததுபோல இருந்தது. அழுதேன். நன்றாக அழுதேன்.

மீனா மேலே வந்தாள். கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சேலை மடிக்கும்போது மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இருவருமாகப் பிடித்து, உதறி, மடித்தோம்.